எடை நாள் பிள்ளை

“மீன் எண்ணெயாம்ல, மீன் எண்ணெய். நீ உன் மகளுக்கு மீன் எண்ணெய் குடுத்ததை யாருட்டி பாத்தா? தலைக்குத் தேய்க்க எண்ணெய் இல்லாம எங்க வீட்டு வாசல்ல குப்பியோட நின்னவதானே நீ” என்றாள் மாயம்மாள்.

“நின்னேன். இல்லைன்னு சொல்லலையே மயினி. நீங்க அன்னைக்கு ஊத்துனீங்களா, அதை மொதல்ல சார்ட்ட சொல்லுங்க” என்றாள் பேச்சியம்மாள்.

“ரெண்டு பேரும் சும்மா கெடங்க. சார், எழுதிக்கிடுங்க. கேப்பைக் கூழு. எங்க ஊர்ல இருந்து லாரியில வந்த கேப்பை. அதுலதான் எம் பிள்ளை தேறிச்சு” என்று நடுவில் புகுந்தாள் இசக்கியம்மாள்.

மலையாளக் கரையில், கொச்சங்காடியில் சுக்கு கிடங்குக்குப் பின்னால் தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்த அந்தச் சந்தில் சண்டை என்றால் அது குழாய்த் தண்ணீருக்காக இருக்கும், இல்லையென்றால் கோழிக்காக இருக்கும். யார் பிள்ளையை நன்றாக வளர்த்தது என்று சண்டை வந்தது எண்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரி மாதத்து அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அப்படி ஒரு வழக்கு அங்கே அதற்கு முன்னாலும் நடந்ததில்லை, பின்னாலும் நடக்கவில்லை. அதனால் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள்கூட ஆட்டத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

நடுவில், ராசப்பன் சாயாக்கடையிலிருந்து கடன் வாங்கிப் போட்ட முக்காலியில், மடியில் ஒரு கட்டு அட்டைகளுடன் சிவராமகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். பாலக்காட்டுப் பிள்ளை. முப்பது வயதுக்குள் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டு விவரத்தையும் அவன் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்திலேயே மாயம்மாள் கேட்டு வாங்கிவிட்டாள்.

அவன் வந்த காரியம் இது. எழுபத்திரண்டாம் வருஷம் அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரியில் பிறந்த தொண்ணூற்றாறு பிள்ளைகளை ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். பத்து வயது வரைக்கும் ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை, வீடு தேடி வந்து எடை போடுவார்கள், உயரம் அளப்பார்கள், தலையைச் சுற்றி நாடா பிடிப்பார்கள். என்ன பேசுகிறது, எதற்கு அழுகிறது, பேர் கேட்டால் சொல்கிறதா என்று பார்த்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டையில் எழுதுவார்கள். பத்து வருஷம் எழுதி முடித்து அட்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. பூட்டைத் திறந்து அந்தக் கணக்கை வைத்து டாக்டர் பட்டத்துக்கு எழுத வந்தவன்தான் சிவராமகிருஷ்ணன்.

“எல்லாரும் சொன்னது எழுதிண்டேன்” என்றான் அவன். “ஆனா என் சந்தேகம் அதில்லை. தொண்ணூத்தியாறு குட்டிகள்ல அஞ்சு பேர், இந்த ஒரே சந்துல, எழுபத்தாறு ஜனவரி வரைக்கும் தொடப்பக்குச்சி மாதிரி இருந்திருக்கா. ஜூலையில வந்து பாத்தா அஞ்சு பேரும் நாலு நாலு கிலோ கூடியிருக்கா. நாலு கிலோன்னா சாமான்யமில்லை, கேட்டேளா. என் புரொபசர் அசந்து போயிட்டார். அந்த ஆறு மாசத்துல இங்க என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்கோ.”

என்ன நடந்தது என்று சந்து யோசித்தது. அந்த ஜூலை மாதத்தைப் பற்றிச் சந்துக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். பால்பொடி டின் நின்று போனது. எடை குறைந்த பிள்ளைக்கு மாதம் ஒரு டின் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூலையோடு, பிள்ளைகள் தேறிவிட்டன என்று நிறுத்திவிட்டார்கள். என்ன அநியாயம் என்று அப்போது ஒரு வாரம் பேசினார்கள்.

குழாயடியில் முப்பிடாதியின் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

முப்பிடாதி கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறவள். புருஷன் சங்கிலிப்பாண்டி மூட்டை தூக்குகிறவனாக இருந்து, எழுபத்து மூன்றில் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். போனவன் ஒரு கடிதாசி போடவில்லை. அங்கே அவனுக்கு இன்னொரு குடும்பம் என்று சந்து முடிவு கட்டியது. அந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளை என்பது வரைக்கும் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு யார் போய் உட்காருவார்கள்? தன் புருஷனைப் பற்றி அவள் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? இதனால் பெண்கள் அவளைப் பார்த்தால் சிரிப்பார்கள், நிற்க மாட்டார்கள். சந்தின் கடைசி வீடு. அதைத் தாண்டி எங்கும் போக வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

ஆனால் வருஷத்தில் இரண்டு நாள் அந்த வீட்டு வாசலில் செருப்பு நிறைந்துகிடக்கும்.

முப்பிடாதிக்கு ஒரு மகள் உண்டு. பாக்கியலக்ஷ்மி. பாக்கியம். அதுவும் எழுபத்திரண்டில் பிறந்ததுதான். ஆனால் பிரசவத்துக்கு ஊருக்குப் போய் நான்கு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்ததால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பட்டியலில் அதற்குப் பெயரில்லை, அட்டையில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்தே காய்ந்த மிளகாய் மாதிரி இருந்தது. எடை குறைந்தால் டின் என்று தெரிந்த அன்றைக்கே மாயம்மாளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அவள் மகள் காமாக்ஷி கொழுக்கட்டை மாதிரி இருந்தாள். அதைத் தூக்கித் தராசில் போட்டால் டின் எங்கிருந்து வரும்?

முதலில் மாயம்மாள் மட்டும் இரவல் வாங்கினாள். அடுத்த தடவை பேச்சியம்மாளும் இசக்கியம்மாளும் வந்தார்கள். அதற்கடுத்த தடவை ஐந்து வீடு. எடை நாளன்று விடியும்போதே ஒவ்வொருத்தியாகக் கையில் ஏதாவது மூடி எடுத்துக்கொண்டு வருவாள். “ஏ முப்பிடாதி, பிள்ளையை ஒரு எட்டு அனுப்பு தாயி.” முப்பிடாதி அதற்கு முந்தின நாளே வீட்டை மெழுகி, சாயாவுக்கு அரைப்படி பால் சொல்லிவைப்பாள். வந்தவர்கள் முறைக்காகக் காத்திருந்து, உட்கார்ந்து, குடித்து, ஊர்க்கதை பேசுவார்கள். புருஷனைப் பற்றிக்கூட ஒருத்தி விசாரிப்பாள். அன்றைக்கு முப்பிடாதி மயினி ஆகிவிடுவாள், மச்சினி ஆகிவிடுவாள். தனக்கு ஒரு டின்கூட வராது என்பது அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

பாக்கியம் முதல் வீட்டில் இரட்டைப் பின்னல், இரண்டாவது வீட்டில் ஒற்றைப் பின்னல், மூன்றாவது வீட்டில் நெற்றி நிறையச் சாந்து. நான்காவது வீட்டில் சுப்புராஜ். ஆமாம், அது பையன் வீடு. டவுசரைப் போட்டு, தலையில் துணியைக் கட்டி, பிள்ளைக்குச் சிரங்கு என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது, பேச்சியம்மாள் வீடு. எடை போட வருகிற அம்மிணி வாசல் வழியாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்குள், பிள்ளை கொல்லை வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மிணிக்குக் கண்ணாடி சோடாப்புட்டி. அவள் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் சந்தில் எல்லாரும் நம்பினார்கள்.

எழுபத்தாறு ஜூன் மழையில் பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள். ஐந்தாம் நாள் இல்லை.

ஜூலையில் அம்மிணி தராசோடு வந்தபோது, இரவல் வாங்கப் பிள்ளை இல்லாததால் அவரவர் தங்கள் பிள்ளைகளையே தூக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கும் முப்பிடாதி பால் வாங்கிவைத்திருந்தாள். ஏன் வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

குழாயை மூடிவிட்டு அவள் கூட்டத்துக்குள் வந்தாள்.

“சார்” என்றாள். “அந்த ஆறு மாசத்துல எம் மக செத்துப் போச்சு.”

சிவராமகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தான். வருத்தப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்கும் நாலு கிலோவுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

“அடடா. அப்படியா அம்மா.”

“அந்தச் சன்னப் பிள்ளை எம் பிள்ளை. அஞ்சு அட்டையிலயும் இருக்கது அதுதான். இவுங்க பிள்ளைங்க எப்பவும் தடியாத்தான் இருந்தாங்க.”

மாயம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? பிள்ளை போன கவலை யாருக்கும் இருக்கும். அதுக்காக அடுத்தவ பிள்ளை அட்டையில போயி உரிமை கொண்டாடுவியா?”

“நீதானே மயினி மொதல்ல வந்து கேட்ட. புட்டு கொண்டாந்த.”

“நானா? புட்டா?”

மாயம்மாள் பொய் சொல்கிறாள் என்று முப்பிடாதி நினைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே தேடுவது போலிருந்தது. பின்னால் நின்ற பேச்சியம்மாளுக்கு மட்டும் நினைவு வந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்தாள். அவளுக்கு வேறு பயம் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பிறந்த தேதிக்கு அத்தாட்சியாகக் கொடுத்தது அந்த அட்டையின் நகலைத்தான். அட்டை பொய் என்றால் பிள்ளை பிறந்ததும் பொய்யாகிவிடுமோ என்று நினைத்தாள்.

“எங்க வீட்டுப் பிள்ளைய நாங்க எடை போட்டோம். அவ்வளவுதான்” என்றாள் இசக்கியம்மாள். “அவ சொல்றதுக்கு யாரு சாட்சி?”

“இடது கெண்டைக்கால்ல தழும்பு” என்றாள் முப்பிடாதி. “ஸ்டவ் பத்துனது. மூணு வயசுல.”

சிவராமகிருஷ்ணனின் முகம் மாறியது. அவன் அட்டைகளை அவசரமாகப் புரட்டினான். ஐந்திலும் அது இருந்தது. இடது கெண்டைக்காலில் தீப்புண் வடு. அதை வைத்து அவன் ஏற்கெனவே மூன்று பக்கம் எழுதியிருந்தான். இந்தச் சந்துக்காரர்கள் நோஞ்சான் பிள்ளைகளுக்குக் காலில் சூடு போடுகிற வழக்கம் உள்ளவர்கள் என்று. புரொபசர் அந்த மூன்று பக்கத்தையும் ரொம்பப் பாராட்டியிருந்தார்.

“குழந்தைகளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கோ” என்றான்.

வந்தார்கள். பதினோரு வயசு, நல்ல வளர்த்தி. காமாக்ஷி பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். மற்ற மூன்று பெண்களும் காட்டினார்கள். சுப்புராஜ் டவுசர் போட்டிருந்ததால் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. பத்துக் கால்களும் வழவழவென்று இருந்தன.

“சார், இதுல ‘வெட்கப்படுகிற சிறுவன், டவுசரைக் கழற்ற விடுவதில்லை’ன்னு போட்டிருக்காமே, அது நான் இல்லியா அப்போ?” என்று கேட்ட சுப்புராஜை அவன் அம்மா தலையில் தட்டி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஆண்கள் சீட்டுக்குத் திரும்பினார்கள். மாயம்மாள் மட்டும் போகிற போக்கில், “டின்னை எல்லாம் திருப்பிக் கேட்பாங்களோ சார்?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

முக்காலியில் சிவராமகிருஷ்ணன் தனியாக இருந்தான். அவன் பட்டம், புரொபசரின் பாராட்டு, நாலு கிலோ எல்லாம் ஒரே மத்தியானத்தில் போயிற்று.

“சாயா குடிக்கீங்களா சார்?” என்றாள் முப்பிடாதி.

ஏழு வருஷத்தில் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். இருந்த ஒரே பாயை அவள் விரித்தாள். அவன் அட்டைகளைப் பாயில் வரிசையாக வைத்தான்.

“அதுல என்ன எழுதியிருக்கு சார்? கடைசியா எடை போட்டது மட்டும் சொல்லுங்க.”

“எழுபத்தாறு ஜனவரி. பத்து கிலோ நானூறு” என்றான் அவன், காமாக்ஷியின் அட்டையைப் பார்த்து.

“அது மாயம்மா வீடு. மொத வீடு. வெறும் வயித்துல போச்சு.”

அவன் இரண்டாவதை எடுத்தான். “பத்து கிலோ ஐந்நூத்தம்பது.”

“மாயம்மா புட்டும் பழமும் குடுத்தா.”

அவன் அவளைப் பார்த்தான். மூன்றாவதை எடுத்தான். “பத்து எழுநூறு.”

“அது இசக்கி வீடு. ரெண்டாவது வீட்டுக்காரி குடுத்ததைத் தின்னுட்டுப் போயிருக்கும். அன்னைக்கு இட்லி. நல்லா தின்னுருக்கு.” அவள் விரலை மடக்கினாள். “அடுத்தது?”

“பத்து எழுநூறுதான். சுப்புராஜ்.”

“டவுசர் போட்டா அதுக்குப் பிடிக்காது. திங்காம இருந்திருக்கும்.”

ஆராய்ச்சிக்காரனுக்கு எண்கள் புரிந்ததைவிட அவளுக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு காலை நேரம் முழுக்க மகள் எங்கே இருந்தாள், எதைச் சாப்பிட்டாள் என்று அவள் பின்னாலேயே நடந்துபோவது போல முப்பிடாதி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எடைகளை நிறுத்திவிட்டு, அட்டைக்குப் பின்பக்கம் அம்மிணி எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான். பந்தை எறிந்தால் இடது கையால் பிடிக்கிறாள். நாய் என்றால் பயம். பெயர் கேட்டால் உடனே சொல்வதில்லை, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். நான்கு அட்டையிலும் இதே வரி இருந்தது.

ஐந்தாவது அட்டையில் அவன் நிறுத்தினான்.

“என்ன சார்?”

“பேச்சியம்மாள் மகள் அட்டை. ‘பெயர் கேட்டதற்குப் பாக்கியம் என்றாள். வீட்டில் கூப்பிடும் பெயர் என்று தாய் சொன்னார்.’”

முப்பிடாதி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். மலையாளத்தில் எழுதியிருந்தது. தமிழில் எழுதியிருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. “எது?” என்று கேட்டாள். அவன் விரலை வைத்துக் காட்டினான். ஐந்தாவது வீட்டுக்குப் போவதற்குள் பிள்ளை களைத்துப் போயிருக்கும், யார் பிள்ளை என்று சொல்லிக்கொடுத்தது மறந்திருக்கும்.

“சார், இதுல அவ பேரை எழுதி வச்சுக்கிடுங்க. அஞ்சுலயும்.”

சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அது முடியாது அம்மா. உங்க குழந்தைக்கு நம்பர் இல்லை. இது அவா குழந்தைகளோட அட்டை, அதுவும் தப்பு அட்டை. அஞ்சையும் நான் எடுத்துடணும். மிச்சம் தொண்ணூத்தொண்ணு.”

“எடுத்துட்டா?”

“கணக்குல இருக்காது.”

“இருந்த மூணே முக்கால் வருஷமும் எல்லா வீட்டுக்கும் அது பிள்ளையா நின்னுச்சு சார். எங்கயும் ஒரு போட்டோகூட எடுக்கல” என்றாள் முப்பிடாதி. அழுதாளா என்றால் இல்லை. கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

அவன் போனபின் மூன்று வாரம் சந்தில் யாரும் அவளோடு பேசவில்லை. பேசாமலிருப்பது அவளுக்குப் பழக்கம்தான். முன்பு மறந்து பேசாமலிருந்தார்கள், இப்போது நினைவு வைத்துக்கொண்டு பேசாமலிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச்சில் ஒரு நாள் சோடாப்புட்டிக் கண்ணாடியோடு அம்மிணி வந்தாள். தராசு இல்லை. மஞ்சள் பையில் ஐந்து அட்டை.

“தள்ளின கார்டு ஆபீசில் சும்மா கெடந்து. எரிக்கான் பறஞ்சு அந்தப் பையன். நான் எடுத்தோண்டு வந்நு” என்றாள். பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“சேச்சிக்கு அப்பவே தெரியுமா?” என்று கேட்டாள் முப்பிடாதி.

“எனிக்குக் கண்ணு மோசம். மூக்கு மோசமில்லை. அஞ்சு வீட்டிலும் ஒரே சுக்கு மணம் அந்தக் குட்டி மேல.” சாயாவை ஊதிக் குடித்தாள். “பாவம் நல்ல குட்டி. அஞ்சாமத்த வீட்டில் எப்பவும் என் மடியில உறங்கிப்போகும்.”

முப்பிடாதிக்கு அது தெரியாது. உறங்கினது எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அம்மிணி யோசித்து, பத்து நிமிஷம் இருக்கும் என்றாள்.

“ஏன் சேச்சி அப்பவே சொல்லல?”

“சொன்னா டின் நிக்கும். டின் உன் வீட்டுக்கு வருதுன்னல்லே நான் நெனச்சேன்” என்றாள் அம்மிணி. வரவில்லை என்று முப்பிடாதி சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். சிவராமகிருஷ்ணன் தொண்ணூற்றொரு பிள்ளைகளை வைத்துப் பட்டம் வாங்கினான். ஐந்து பேர் அளவுப் பிழை காரணமாக நீக்கப்பட்டார்கள் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டானாம். கல்பாத்தியில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்குப் போய்விட்டான். அம்மிணி ரிட்டயராகி வைப்பின் தீவில் தம்பி வீட்டோடு போனாள். போட்டில் இரண்டு தடவை வந்து முப்பிடாதியைப் பார்த்தாள், அப்புறம் முட்டுவலியில் வரவில்லை. மாயம்மாள் மகள் காமாக்ஷியைப் பதினெட்டு முடியும் முன்பே திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வயசுக்குப் பிரச்சினை எதுவும் வரவில்லை, பேச்சியம்மாள் பயந்தது வீண்.

சுக்கு கிடங்கை மூடியதும் முப்பிடாதி எண்பத்தெட்டில் பள்ளுருத்திக்குக் குடிபோய்விட்டாள். ஒரு இறால் கம்பெனியில் தோலுரிக்கிற வேலை, ஒரே அறை. பக்கத்து வீட்டுக்காரி பாட்டில் மூடி கேட்க வந்த சாக்கில் பெட்டியில் இருந்த அட்டைகளைப் பார்த்துவிட்டாள், மலையாளம் படிக்கத் தெரிந்தவள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிட்டது: கடைசி அறையில் இருக்கிற பாண்டிக்காரத் தமிழச்சிக்கு நான்கு பெண், ஒரு பையன். எல்லாம் ஒரே வருஷத்தில் எப்படிப் பிறந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. ஐந்து பெற்றும் ஒன்றாவது எட்டிப் பார்க்கிறதா பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

முப்பிடாதி அதைத் திருத்தவில்லை. யாராவது முகத்துக்கு நேரே கேட்டால், “எல்லாம் தூரமா இருக்குதுங்க” என்பாள்.